ஒன்றும் செய்யாமலா பிடிப்பார்கள்?

நம்மவர் வாயில் சதா வழங்கும் வாக்கியம் ஒன்றுண்டு. கிள்ளானில் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைகளிலும் அதைக் கேட்கலாம். பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடைகளிலும் கேட்கலாம். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, நகரோரத்து அடுக்குமாடிகளில் வந்து ஒண்டிய குடும்பங்களின் நடுவிலும் கேட்கலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போலீசார் அழைத்துச் சென்றனர் என்ற செய்தி வந்த மாத்திரத்தில், அவன் மீது சாட்டப்பட்ட குற்றம் யாது, மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட்டானா என்று ஒருவராவது கேட்பதற்கு முன்னரே அவ்வாக்கியம் வந்து விழுகிறது: "ஒன்றும் செய்யாமலா பிடிப்பார்கள்?"

இத்தீர்ப்பை நமக்கு யார் கற்பித்தார் என்று நாம் கேட்கிறோம். அனுபவம் கற்பித்திருக்க முடியாது. மலாயாத் தமிழனின் நூறாண்டு அனுபவம் முழுவதும் இதற்கு நேர் விரோதமானது. பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை, சட்டமும் கற்பிக்கவில்லை. மாலை நேரத்தில் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து நாம் பார்த்த கதைகளே கற்பித்தன என்பது நமது அபிப்பிராயம். அக்கதைகளுக்கெல்லாம் மூதாதையான ஒரு தொடரைப் பற்றி இங்கே எழுதப் புகுகிறோம். அதை நம்மவருள் பார்த்தவர் மிகச் சிலராக இருக்கலாம். அதன் அச்சில் வார்க்கப்பட்ட கதைகளைப் பார்க்காதவர் எவருமிலர்.

அமெரிக்க நாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜாக் வெப் என்றொரு நடிகர் இருந்தார். 1948இல் வெளிவந்த ஒரு போலீஸ் படத்தில் அவருக்குச் சிறு வேடம். அப்படத்திற்கு ஆலோசகராக வந்த துப்பறியும் அதிகாரி ஒருவர், எங்கள் இலாகாவின் மெய்யான வழக்குகளையே நாடகமாக்கினால் என்ன என்று அவரிடம் சொன்னார். வெப் அதைப் பிடித்துக்கொண்டார். போலீசாரோடு ரோந்து வண்டியில் ஏறிச் சுற்றினார். அவர்கள் பேசும் பேச்சையும் எழுதும் குறிப்பையும் மனப்பாடம் செய்தார். 1949 ஜூன் 3ஆம் தேதி என்.பி.சி. வானொலியில் ‘டிராக்நெட்’ ஆரம்பமாயிற்று. டிராக்நெட் என்றால் இழுவலை என்று பொருள். 1951 டிசம்பர் 16ஆம் தேதி அதுவே முன்னோட்டமாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. அடுத்த மாதம் முதல் ஒழுங்காக நடந்து 1959 வரை ஓடிற்று. வானொலிக்கு எழுதிய கதைகளில் பலவற்றையே எடுத்து, குரலுக்கு முகம் பொருத்திக் காட்டினார்கள்.

அத்தொடரை வெறும் குப்பை என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறாயின் இவ்வளவு எழுத வேண்டியதே இல்லை. நமது மேடைகளிலும் படங்களிலும் அன்று மலிந்திருந்த பாட்டுக்கும் ஆகாய வாளுக்கும் அழுகைக்கும் பழகிய கண்ணுக்கு அது ஒரு புதுமையே. கதாநாயகனான சார்ஜண்டு ஜோ பிரைடே பாட மாட்டான், பறக்க மாட்டான், தனியாளாய்ப் பத்துப் பேரை அடிக்கவும் மாட்டான். சம்பளத்துக்கு வேலை செய்கிறவன். இன்ன தேதி, இன்ன கிழமை, இன்ன பிரிவில் வேலை என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லிக்கொண்டு போவான். கதவைத் தட்டுவான், கேட்பான், எழுதுவான். பாதி நேரம் ஒன்றும் அகப்படாது. வானொலியில் ஒருவன் படியேறும் காலடிகள் கூடக் கணக்குப் பார்த்து ஒலிக்கப்பட்டன. தொலைக்காட்சிக்காகப் போலீஸ் அலுவலக அறையை அப்படியே பெயர்த்து வைத்தாற்போல அரங்கம் கட்டினார்கள். தெய்வச்செயலும் இல்லை, சகுனமும் இல்லை; காரணத்தைத் தேடிக் காரியத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றே. பகுத்தறிவை விரும்புகிற நாம் இதனைப் பாராட்டாமல் இருப்பது நியாயமாகாது.

சூட்சுமம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. காலடிச் சத்தம் மெய், மேசை மெய், டெலிபோன் மெய், தேதி மெய் என்று கண்டவன், கதை சொல்லும் கண்ணும் நடுநிலையான கண் என்று எண்ணிவிடுகிறான். சில்லறையில் ஒரு காசு பிசகாதவன் பெருந்தொகையில் பொய்க்கணக்கு எழுதினால் எவர் சந்தேகிப்பார்? ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில், இக்கதை மெய்யானது, குற்றமற்றவர்களைக் காக்கும் பொருட்டுப் பெயர்களை மட்டுமே மாற்றியிருக்கிறோம் என்ற பொருள்பட ஓர் அறிவிப்புச் செய்தார்கள். அது மட்டுமே மாற்றப்பட்டதா? போலீஸ் இலாகா தன் வழக்குக் கட்டுகளைக் கொடுத்தது. தன் வண்டியையும் வில்லையையும் இரவல் கொடுத்தது. அதற்குக் கைம்மாறாக எழுத்துப் பிரதிகளை வாசித்துப் பார்த்து, தனக்கு இழுக்கு வரும் இடங்களை நீக்கும் அதிகாரத்தைப் பெற்றது. குற்றவாளி ஒருவன் தன் வழக்கைத் தானே நாடகமாக்கித் தணிக்கையும் தானே செய்துகொள்ளட்டும் என்று எந்த சர்க்காராவது சம்மதிக்குமா? போலீசுக்கு மட்டும் அந்தச் சலுகை எப்படி வந்தது?

இந்நடிகரும் சார்ஜண்டும் சொன்னதாக உலகமெல்லாம் வழங்கும் வாசகம் ஒன்றுண்டு. அம்மணி, நடந்தது மட்டும் போதும் என்ற கருத்துடையது. வேடிக்கை என்னவென்றால், அவ்வாசகம் அந்த வடிவத்தில் அத்தொடரில் வரவே இல்லை என்று தேடிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 1953இல் வந்த ஒரு கேலி இசைத்தட்டின் வழியாக அது பரவியதாம். உண்மையைப் பற்றிய வாசகமே உண்மையல்லாது போயிற்று! மற்றொன்று: போதைப் பொருள் விற்பவனைத் துரத்திப் பிடித்த அந்த நாடகத்தைச் செலவு கொடுத்து நடத்தியது ஒரு சிகரெட்டுக் கம்பெனி. நிற்க.

தொடர் வானொலியில் தொடங்கிய அதே 1949இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் தலைவர் ஹோரல் என்பவர், இலாகாவில் வெடித்த லஞ்ச ஊழல் காரணமாகப் பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டில் வில்லியம் பார்க்கர் தலைவரானார். அவர் ஒழுங்குக்குப் பேர்போனவர். அதைவிட விளம்பரத்தின் அருமை அறிந்தவர். தொலைக்காட்சி முன்னோட்டம் வெளிவந்து ஒன்பதாம் நாள், அதாவது 1951 கிறிஸ்துமஸ் விடியற்காலையில், அந்நகரின் சிறையில் என்ன நடந்தது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். ஏழு வாலிபர்கள், அவர்களுள் ஐவர் மெக்சிகோ வமிசத்தினர், காவலில் இருந்தபடியே ஏறத்தாழ ஐம்பது போலீசாரால் முறை வைத்து அடித்து நொறுக்கப்பட்டார்கள். இலாகா முதலில் மறைக்கப் பார்த்தது. ஊரார் சும்மா இருக்கவில்லை. முடிவில் எண்மர் மீது குற்றம் சாட்டப்பட்டு ஐவர் தண்டனை அடைந்தனர். 39 பேர் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 54 பேர் இடம் மாற்றப்பட்டனர். ‘இரத்தக் கிறிஸ்துமஸ்’ என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். மெய்க்கதை மட்டுமே சொல்வோம் என்ற நாடகத்திற்கு இதைவிட மெய்யான கதை வேறு எங்கே கிடைத்திருக்கும்? வழக்குக் கட்டு அதே கட்டிடத்தில்தான் இருந்தது. சார்ஜண்டு பிரைடே அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஓரிரு கதைகளில் கெட்ட போலீஸ்காரன் வந்ததுண்டு என்பது மெய்யே. ஆனால் அவனைக் கண்டுபிடிப்பதும் போலீசே, தண்டிப்பதும் போலீசே. வெளியார் தலையிடத் தேவை இல்லை என்பதே அதிலும் பாடம்.

1965 ஆகஸ்டில் அதே நகரில் வாட்ஸ் என்ற கருப்பர் குடியிருப்பில், வண்டியை நிறுத்தி ஒருவனைப் பிடித்ததில் தொடங்கிய கலகம் ஆறு நாள் எரிந்து 34 உயிரைக் குடித்தது. அமெரிக்காவின் பாதிப்பேர், இவ்வளவு நல்ல போலீசின் மீது இவர்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்று திகைத்தார்கள். திகைக்க மாட்டார்களா? அவர்கள் எட்டு வருஷம் பார்த்த நகரம் வேறு. 1967இல் டிராக்நெட் வர்ணத்தில் மறுபடியும் தொடங்கி 1970 வரை நடந்தது. 1982இல் ஜாக் வெப் இறந்தபோது, ஒரு நாளும் போலீசில் வேலை பார்த்திராத அந்த நடிகருக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் இலாகா மரியாதை செய்து, நாடகத்தில் அவர் அணிந்த 714ஆம் எண் வில்லையை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று ஒதுக்கி வைத்தது. அவர் செய்த ஊழியம் எத்தகையது என்பதை இலாகா சரியாகவே கணக்கிட்டது என்று நாம் கருதுகிறோம்.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். டிராக்நெட் முதன்முதல் வானொலியில் ஒலிப்பதற்குச் சரியாக முப்பது நாளைக்கு முன், 1949 மே 4ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது அவர் மீது குற்றம். அதனைக் கண்டெடுத்துப் போலீசாரிடம் ஒப்படைக்கச் சென்றதாக அவர் சொன்னார். அவசரகாலச் சட்டத்தில் அத்தகைய வாதத்திற்கு மதிப்பு ஏது? இந்திய சர்க்கார் கருணை கேட்டும் பயனில்லை. அவருக்கு முந்திய நாள் மற்றொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாளில் சர்க்கார் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. அப்பெட்டியில் எந்தத் தரப்பின் கதை ஒலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கும் எட்டாண்டு முந்திய கிள்ளான் கதை இன்னும் பொருத்தமானது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டி. கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூடுதல் இருந்தது. பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. துரையும் கிராணியும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, சுட்டது, தொழிலாளர் மாண்டனர். இவ்வழக்கின் கட்டை எடுத்து டிராக்நெட் முறையில் நாடகம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தேதி சரியாக இருக்கும். மணி சரியாக இருக்கும். எத்தனை பேர் கூடினார்கள், எந்தக் கல் எங்கே விழுந்தது என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கும். நாதன் கலகக்காரராக இருப்பார். சைக்கிள் இருக்கவே இருக்காது. ஏனெனில் சைக்கிளை விட்டு இறங்கியவனின் மனம் எந்தப் போலீஸ் நோட்டிலும் எழுதப்படுவதில்லை.

நம் நாட்டில் 1963 டிசம்பர் 28ஆம் தேதி தொலைக்காட்சி வந்தது. போலீஸ் கதைகள் அதிலும் வந்தன. மலாய் மொழியில் பெரும் பெயர் பெற்றது யூசோப் ஹஸ்லாமின் ‘கெராக் காஸ்’. நம் வீடுகளிலும் விரும்பிப் பார்க்கப்பட்டது. அது தொடங்கியது 1999இல். அதே 1999இல் கோலாலம்பூரில் ஓர் அரச விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து, காவலில் இருந்த அன்வார் இப்ராகிமின் கண்ணைக் கருக்கச் செய்தவர் யார் என்று விசாரித்தது. அடித்தவர் நாட்டின் போலீஸ் படைத் தலைவரே என்று தெரிந்தது. 2000இல் அவருக்கு இரண்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போன்ற ஒற்றுமையைக் கொண்டு ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று நாம் வாதிக்கவில்லை, அது அறிவுடைமையாகாது. கமிஷன் அறையில் தெரிந்த போலீசையும் கூடத்தில் தெரிந்த போலீசையும் ஒரே கண்ணால் பார்த்த ஜனங்கள், எதனை மறந்தார்கள், எதனை நினைவில் வைத்தார்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

நம்முடைய தமிழ்ச் சினிமாவோ இவ்விஷயத்தில் டிராக்நெட்டை வெட்கப்படச் செய்துவிட்டது. ஜோ பிரைடே ஆதாரம் தேடியாவது அலைந்தான். நமது காக்கிச் சட்டை வீரருக்கு ஆதாரமும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். மீசை இருந்தால் போதும். வழக்கறிஞன் என்றால் கோமாளி, மனித உரிமை என்பவன் குற்றவாளியின் கூட்டாளி. அறையில் தொங்கவிட்டு அடிப்பதற்குப் பின்னணி இசை, அதற்குத் தியேட்டரில் விசில். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் கடை மூடும் நேரம் பற்றிய தகராறில் பிடிக்கப்பட்டு, காவலில் வதைக்கப்பட்டு இறந்தார்கள். அப்போது ‘சாமி’, ‘சிங்கம்’ படங்களை எடுத்த இயக்குநர் ஹரி, போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அந்நேர்மையை மதிக்கிறோம். ஆனால் அப்படங்களைக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் முதல் நாளே வரிசையில் நின்று பார்த்துக் கைதட்டிய நம்மில் ஒருவராவது வேதனைப்பட்டோமா?

வேதனைப்பட நமக்குக் காரணம் வேண்டுமானால் தூத்துக்குடிக்குப் போக வேண்டியதில்லை. சுபாங் ஜெயா போதும். 2009 ஜனவரி 14ஆம் தேதி ஏ. குகன் என்ற 22 வயது வாலிபர் கைது செய்யப்பட்டார். ஜனவரி 20ஆம் தேதி காவல் நிலையத்திலேயே இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் சேர்ந்ததே காரணம் என்றது. குடும்பத்தார் சவக்கிடங்கினுள் சென்று உடலைப் பார்த்தார்கள். முதுகிலே எழுதியிருந்தது வேறு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, அடிகளால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலற்று இறந்தார் என்று கண்டது. 2013இல் உயர்நீதிமன்றம் 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. வழக்குக் கட்டில் எழுதப்பட்டதெல்லாம் மெய் என்று நம்பச் செய்யும் நாடகத்திற்கும், அந்த முதல் பரிசோதனைத் தாளுக்கும் உள்ள உறவை வாசகர்களே ஆராய்ந்து கொள்ளட்டும். குகன் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர். "கார் திருடினால் விடுவார்களா" என்று அன்று பேசிய தமிழர் எத்தனை பேர்! திருட்டுக்குச் சட்டத்தில் தண்டனை சிறைவாசம். முதுகைக் கிழிப்பது எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது?

சில அன்பர்கள் சீறுவார்கள் என்பதை அறிவோம். குண்டர் கும்பல்கள் நம் பிள்ளைகளைக் கெடுக்கவில்லையா, போலீஸ் இல்லாவிட்டால் ஊரில் பெண்கள் நடமாட முடியுமா என்பார்கள். கெடுக்கின்றன, முடியாது. நம் வீட்டுப் பிள்ளைகளே அந்த உத்தியோகத்தில் இருக்கிறார்கள். இரவெல்லாம் மழையில் நின்று, குறைந்த சம்பளத்தில் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். சட்டப்படி நடக்கும் கான்ஸ்டபிளுக்குச் சட்டத்தைக் கண்டு பயம் எதற்கு? குண்டனை ஒழிக்கக் காவல் நிலையத்திலே ஒரு குண்டனை வளர்ப்பது வைத்தியமாகாது. 2005இல் அரச கமிஷன் ஒன்று போலீஸ் சீர்திருத்தத்திற்கு 125 யோசனைகள் சொல்லிற்று. போலீசார் மீதான புகாரை விசாரித்துத் தானே நடவடிக்கை எடுக்கவல்ல சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. பதினெட்டு வருஷம் இழுத்தடித்து 2023 ஜூலையில் ஓர் ஆணையம் நடைமுறைக்கு வந்தது. விசாரிக்கலாம், ஆனால் தண்டிக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. இதற்காக நாடு கொந்தளிக்கவில்லை. காவல் மரணங்களில் இந்தியர் தம் ஜனத்தொகைக்கு மீறிய பங்கில் இருக்கிறார்கள் என்று சுவாராம் என்னும் மனித உரிமை அமைப்பு வருஷா வருஷம் சொல்லியும் நம்மவரே கொந்தளிக்கவில்லை. துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று உயிரைக் கொடுத்தவரின் பேரன், திரையில் காக்கிச் சட்டையைக் கண்டதும் தானாகவே இறங்கி நிற்கிறான்.

மேசையின் மறுபக்கத்திலிருந்து கதை சொல்ல முடியாது என்பதும் பொய். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், ஆந்திரத்தில் செய்யாத குற்றத்திற்காகத் தாம் பட்ட பாட்டை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். அதுவே 2015இல் ‘விசாரணை’ என்ற படமாயிற்று. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’, 1993இல் கடலூர்ப் பக்கத்தில் காவலில் இறந்த ராஜாக்கண்ணுவின் வழக்கிலிருந்து பிறந்தது. எழுதியவனும் தமிழன், பார்த்தவனும் தமிழன், ரசிகர்கள் ஓடிவிடவில்லை. இந்நாட்டுத் தமிழ் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நாடகம் எழுதுவோரை நாம் கேட்பது அதிகமில்லை. காவல் நிலையத்து முகப்பு மேசை முன்னால் இரவு பதினொரு மணிக்கு நிற்கும் ஒரு தாயை எழுதுங்கள். அவளுக்கு என்ன சொல்லப்படுகிறது, எவ்வளவு நேரம் பெஞ்சில் உட்காருகிறாள், எத்தனை தடவை ‘நாளை வா’ என்ற சொல்லைக் கேட்கிறாள் என்பதை, ஜாக் வெப் காலடிகளை எண்ணியதுபோல எண்ணி எழுதுங்கள்.

அவள் பக்கத்தில் துணைக்கு நிற்பவன் சட்டம் தெரிந்த ஒருவனாக இருக்கட்டும். கைது செய்யப்பட்டவனுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவன் விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுவர வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதி கூறுகிறது. விசாரிக்கத் தொடங்கும் முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் செய்தி சொல்ல அவனுக்கு உரிமை உண்டு என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு கூறுகிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லாத குடிமகனுக்குக் காவல் நிலையத்திலும் ரிமாண்டு விசாரணையிலும் இலவசமாக உதவ, தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் வேலை செய்து வருகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை பிடிபட்டான் என்ற செய்தி அடுத்த தடவை காப்பிக் கடைக்கு வரும்போது, எந்த நிலையம், எத்தனை மணிக்கு, வழக்கறிஞருக்குச் சொல்லியாயிற்றா என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்டுவிட்டு, காப்பியை அப்புறம் குடிக்கலாம்.